தோள்சீர்

இசக்கியின் தோளிலிருந்து எடுத்த இதய வால்வு கறுப்பாக இருந்தது. தட்டில் கிடந்த அதை டாக்டர் மெர்சி புரட்டிப் பார்த்தார்.

தோள்விளைச்சல் வந்து ரெண்டு தலைமுறையாகிறது. கெட்டுப்போன உறுப்புக்கு மாற்றைச் சொந்தக்காரர் ஒருவர் தன் தோளில், தோலுக்கடியில் வளர்த்துக் கொடுத்தால் போதும். ரத்தம் நெருங்க நெருங்க நன்றாக ஒட்டும். உலோக வால்வு செய்த ஆலைகளை மூடிவிட்டார்கள். தூத்துக்குடியில் கல்யாணப் பேச்சில் நகை போய், தோள் கொடுப்பதாக வாக்குத் தரும் தோள்சீர் வந்தது. அந்நியத்தில் பெண் எடுத்தவனை, நாளைக்கு உனக்கு எவன்டா தோள் கொடுப்பான் என்று கேலி பேசினார்கள். மாசானம் அக்காள் மகள் இசக்கியைக் கட்டியதும் இதற்காகத்தான். இப்போது நெஞ்சு வால்வு கெட்டு அவனுக்குச் சட்டை மாட்டினாலே மூச்சு வாங்குகிறது.

டாக்டர் புருஷன் பெண்டாட்டி இருவரின் காது மடலையும் திருப்பிப் பார்த்தார். நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. வேர்வை கறுப்பாக வருமா என்று கேட்டார். துறைமுகத்தில் பேட்டரிக் கரி இறக்குகிறவனுக்கு வேர்வை வெள்ளையாகவா வரும் என்றான் மாசானம். மூத்திரம் கறுத்தால்கூட, கரி உள்ளே இறங்கிவிட்டது என்று சொல்லி மோர் குடிப்பது அவர்கள் வழக்கம்.

கரி இல்லை என்றார் டாக்டர். புரதத்தை முழுசாக உடைக்கிற நொதி ஒன்று இருவருக்கும் பிறவியிலேயே கிடையாது. மிஞ்சுகிற அமிலம் வால்வில் கறுப்பாகப் படிந்து இறுக்கிவிடும். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கட்டி அந்தக் குறை பெருகிவிட்டது. விளைச்சல் வேகத்தில் பல வருஷக் கறை சில மாதத்திலேயே ஏறியிருக்கிறது. இசக்கியின் நெஞ்சிலும் இதுதான் நடக்கிறது. இருவருக்கும் பிறந்த பிள்ளையும் தப்பாது.

பிள்ளை கனியமுது சுவரோரம் நின்றிருந்தாள். இசக்கியின் தம்பி திருமலை அவளைப் பெண் கேட்டிருந்தான். அவள் மாட்டேன் என்றிருந்தாள்.

"திருமலை தோள்ல வளர்த்தா?" என்றான் மாசானம்.

தோள் பொருத்தம் பார்க்க முன்பே எடுத்த அவன் ரத்தம் இருந்தது. டாக்டர் சோதித்தார். அவனுக்குப் பாதிக் குறைதான், வால்வு சுத்தமாக வளரும் என்றார்.

"பொண்ணைக் குடுக்காம அவன் தோள் குடுக்க மாட்டான்."

"குடுத்தா, பேரப்பிள்ளைக்கும் வரலாம்," என்றார் டாக்டர்.

"அதுக்கு வயசாகித்தானே வரும் டாக்டர். எனக்கு இப்பவே முட்டுது."

கனியமுது அம்மாவைப் பார்த்தாள். இசக்கி தையல் போட்ட தோளை முந்தானையால் மூடினாள்.

"திருமலையோட ஒரு தோள்ல ரெண்டு வளருமான்னு கேளுங்க மாமா," என்றாள்.