தடங்கலுக்கு வருந்துகிறோம்

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன் நேரே அவள் மேல்தான் வந்து மோதினான். ஹம்ஸினியின் கையிலிருந்த தாள்கள் வாசல் தண்ணீரில் விழுந்தன. குனிந்து எடுப்பதற்குள் மை கரைந்து ஓடிவிட்டது...

“ஸாரிங்க. பார்க்கலை.”

“கண்ணை எங்க வெச்சுட்டு வந்தீங்க?”

நிமிர்ந்தாள். கண் இருந்தது. இமையில் மழை சொட்டச் சொட்ட, அழகாகவே இருந்தது. அந்த நேரத்திலும் அதைக் கவனித்த தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

உள்ளே மல்லாபூர் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா. செயலாளர் பாலசுப்ரமணியன், அவளுடைய அப்பா, 1973-ல், சிறுவனாக, டெல்லியில் அடுத்த வீட்டு டி.வி.யில் பார்த்ததையெல்லாம் தமிழில் மேடையேற்றுகிறார். ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு பெரிய டி.வி. அதற்குள் செய்திகள், விவசாயிகளுக்கு யோசனை, பாட்டு, குட்டி நாடகம்... படம் நின்றுபோனால் காட்டுவார்களே, அந்தப் பலகைகூட உண்டு. அறிவிப்பாளர் ஹம்ஸினி.

வந்தவன் பதறிப்போய், சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சித் தாளைப் பிய்த்து நீட்டினான். “இந்தாங்க. எல்லாம் இதுல இருக்கு.”

இருந்தது... தமிழில். தெலுங்கு ஊரிலேயே படித்த அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. கரைந்துபோன தாளில் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ‘பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுங்கள்’ என்று வருஷா வருஷம் முழங்குகிற செயலாளரின் மகள்! வீட்டுக்குள் அப்பாவும் இதை மூடித்தான் வைத்திருந்தார்.

பெட்டிக்குள் போய் நின்றாள். “வணக்கம்” வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தாளில் எழுத்துகள் முறுக்கு பிழிந்த மாதிரி சுருண்டு கிடந்தன. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் அப்பா மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

சட்டென்று முகத்துக்கு முன்னால் அந்தப் பலகை இறங்கியது. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’ இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து அரங்கமே கைதட்டிச் சிரித்தது.

பெட்டிக்குப் பின்னால் அவன் குந்தியிருந்தான். “நனைஞ்ச தாள்ல தெலுங்கைப் பார்த்தேன். இப்பதான் புரிஞ்சுது. தாளை இப்படிக் குடுங்க. நான் சொல்லுதேன், அப்படியே சொல்லுங்க.”

அவன் கிசுகிசுத்தான், அவள் சொன்னாள்... கடைசி நிகழ்ச்சி வரை.

முடிந்ததும் நன்றி சொல்லக்கூட முகமில்லாமல் ஒளிந்துகொண்டாள். அவன் கிளம்பிப் போவதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. எதிரே பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்கப்பாவுக்கு அசிங்கம்.”

அவன் சிரித்தான்.

“கைக்கு சிரிக்கிறீங்க? கைக்குன்னா எங்க ஊர்ப் பேச்சுல ஏன்னு அர்த்தம்.”

“நான் கொண்டாப்பூர் போக வேண்டியவன்ங்க. பேரு மோகன், திருநெல்வேலி. பஸ்ல போர்டு தெலுங்குல இருந்துச்சு. சாஃப்ட்வேர் எஞ்சினியர் போய் இதைக் கேக்கதான்னு கூச்சப்பட்டு ஏறிட்டேன். மல்லாபூர்ல வந்து முழிக்கேன்.”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது.

“என்ன போட்டிருக்கு?”

படித்தாள். தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

“இது இல்ல.”

“கொண்டாப்பூர், கொண்டாப்பூர்...” என்று கத்திய கண்டக்டர், விசிலடித்துவிட்டுப் போயே போய்விட்டார்.

ஹம்ஸினியின் முகம் எரிந்தது. சாயங்காலம் முழுக்கப் பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“கேட்டுச்சா?”

“நல்லாவே.”

“அப்ப ஏன் ஏறல?”

“நீங்கதான் இல்லன்னு சொல்லிட்டீங்களே.”

அவள் துப்பட்டா நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஹவ்... ஆமா, பொய்தான் சொன்னேன். நீங்க போறது எனக்குப் பிடிக்கல.”

“எனக்கும்தான். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க...” சாலையை எட்டிப் பார்த்துக் கேட்டான். “அடுத்த பஸ் எப்ப?”

“வரும்,” என்றாள், தலை நிமிராமல். “ஆனா அதுலயும் கொண்டாப்பூர்னு போட்டிருக்காது.”