மரத்தின் அந்த முனை

சின்னவன் ரம்ப மிஷினை அணைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம், அவ்வளவுதான். பிறகு அதுவும் அடங்கிவிட்டது. காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கொல்லைச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

மரம் அண்ணன் வீட்டுக் கொல்லையில் நாற்பது நாளாகக் கிடந்தது. அடிக்கட்டை சமையலறைக் கதவுக்கு நாலடி தள்ளி நின்றது. விழுந்த தண்டு அங்கிருந்து நீண்டு, பின்சுவர் ஓரத்துப் புதருக்குள் போய் மறைந்தது. அந்த முனையில்தான் அண்ணன், தலை தண்டுக்கு அடியில் சிக்கி, செத்துக் கிடந்தார். அன்றைக்கு அவரை வெளியே எடுப்பதற்காகக் கிளைகளை மட்டும் வெட்டினார்கள். மீதியைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

"கதவத் தொறந்தா மூஞ்சியில முட்டுது தம்பி. எடுத்துடுங்க," என்று நேற்று அண்ணிதான் போன் செய்தாள்.

இருபது வருடம் அண்ணனும் தம்பியும் ஜோடியாக மரம் அறுத்தவர்கள். பெரியவன், சின்னவன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சாய்கிற பக்கம் வாய் பிளந்தாற்போல் ஒரு வெட்டு, பின்பக்கத்திலிருந்து ஒரு வெட்டு, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு அறுக்காமல் விட்ட மரம். அந்தக் கட்டைவிரல் அகலம்தான் மரத்தைச் சொன்ன இடத்தில் விழவைக்கும். கடைசியாக அறுக்கும் முன் மூன்று முறை சத்தம் போட வேண்டும், சுற்றிலும் பார்க்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும். "மரம் நமக்கு மூத்ததுடா, சொல்லிட்டுத்தான் சாய்க்கணும்," என்பார் அண்ணன்.

அன்றைக்கு மழை திரண்டு வந்தது. சின்னவன் ஒரு முறைதான் சத்தம் போட்டான். மரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க அண்ணன் பின்சுவரோரம் திரும்பிப் போயிருந்ததை அவன் பார்க்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் மூன்று முறை கத்தியதாகச் சொன்னான். சொல்லிச் சொல்லி, சில நேரம் அவனே அதை நம்பினான்.

இரண்டு துண்டு அறுத்து உருட்டிவிட்டபோது அண்ணி டீ கொண்டுவந்தாள். மணி நாலுதான். ஆனால் மேகம் இறங்கி, கொல்லை முழுக்கச் சாம்பல் வெளிச்சமாக இருந்தது. ஈர மரத்தூளின் புளித்த வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து தொண்டையில் ஒட்டின.

"ஒண்ணு கேக்கணும் தம்பி."

"கேளுங்க அண்ணி."

"மூணு தடவையும் சத்தம் போட்டீங்கல்ல?"

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "போட்டேன் அண்ணி," என்றான்.

"அவருக்குக் காது நல்லாக் கேக்கும். அதான் மனசே ஆற மாட்டேங்குது." காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சின்னவன் மறுபடி தொடங்கினான். தண்டு இரு முனையிலும் மேட்டில் தாங்கி, நடுவில் தொங்கியது. மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு, கீழிருந்து ஏற்றினான். துண்டு விழுந்தது. மிஷினை அணைத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

இம்முறை அது அடங்கவும் இல்லை. புதருக்குள்ளிருந்து வந்தது, நிதானமாக, மரத்துக்குள் இறங்குகிற ரம்பத்தின் கனத்த முனகல். அவன் தண்டில் உள்ளங்கையை வைத்தான். மரம் அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. பிறகு மிஷின் இரண்டு முறை உறுமியது.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன் இரண்டு முறை உறுமவிடுவது அண்ணனின் பழக்கம். நீளமான தண்டு என்றால் ஆளுக்கொரு முனையில் தொடங்கி, நடுவில் வந்து சேர்வார்கள்.

ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வீட்டுக்குள் அண்ணி தனியாக இருந்தாள்.

புதர் விலகியது. யாரும் இல்லை. வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு உருண்டு வந்து நின்றது. அடுத்த துண்டு. அதற்கடுத்தது. சத்தம் அருகே வந்துகொண்டிருந்தது. பத்தடி. எட்டடி. தண்டு குறைந்துகொண்டே வந்தது.

அவன் மிஷினைத் தரையில் வைத்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"அண்ணே." குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "அண்ணே, ஒரு தடவதான் கத்தினேன். பாக்கல. பாக்காம அறுத்துட்டேன்."

சத்தம் நின்றது.

இலை அசையவில்லை. பின்னால் கதவுத் தாழ்ப்பாள் ஒலித்தது. வாசற்படியில் அண்ணி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும், எல்லாம் கேட்டுவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"அண்ணி, உள்ள போங்க."

அவள் செருப்பில்லாமல் இறங்கி, ஒரு தூணைக் கடப்பதுபோல அவனைக் கடந்து, மீதியிருந்த தண்டின் அந்தப் பக்கம் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

மிஷின் இரண்டு முறை உறுமியது.

"மெதுவா அறுங்க," என்றாள் அண்ணி, எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்து. "இப்ப ஒண்ணும் அவசரமில்ல."

மரத்தில் ஒரு கோடு இறங்கியது. தூள் பீறிட்டுக் கிளம்பியது. தரையில் விழ வேண்டிய தூள் விழாமல், காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மேல் படிந்தது. முதலில் இரு கைகள். பிறகு குனிந்த முதுகு. தோள்கள். கழுத்து. கழுத்துக்கு மேல் தூள் உருண்டையாகப் படியவில்லை. ஒரு பலகையின்மேல் படிவதுபோல, தட்டையாக, அகலமாக, மெல்லப் படிந்துகொண்டே போனது.

அண்ணி கையை நீட்டி, உள்ளங்கையால் அதைத் துடைக்கத் தொடங்கினாள்.