கண்ணாடி அலமாரியில் ஒரு கிண்ணம் தண்ணீர்

தெருச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகையை அடுத்த வீட்டு வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தால் போதும். ஜப்பானில் ஏரிக்கரை ஊரான எங்கள் மத்சுவேயில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று பிறகு யார் பார்ப்பது? அன்று காலையும் நான் நகஹாமா வீட்டுக்கு உள்ளே போய்விட்டேன்.

நகஹாமா நாற்பது வருடம் ஊரார் பல்லைப் பிடுங்கியவர். ஓய்வுக்குப் பின் தந்தத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இடைக்கச்சையில் பையைத் தொங்கவிடச் செருகிய நெட்சுகே பொம்மைகள், கட்டைவிரல் அளவு. எலி, ஆக்டோபஸ், தூங்கும் பூனை என்று எண்பத்து மூன்று. தந்தம் விரிசல் விடக்கூடாதென்று கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர். தினமும் மாற்றுவார்.

மனைவி ஷிகேயோ போய் நாற்பத்தாறு நாள். படத்துக்கு முன்னால் அவளுக்கு வைக்கும் கிண்ணம் காய்ந்து, அடியில் தூசி. இதெல்லாம் என் கண்ணில்தான் படும்.

மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை. மனிதர் தேநீர் போடப் போனார். அறை அமைதியாக இருந்தது.

சொட்டு.

அலமாரிக் கிண்ணம் காலி. பொம்மைகளை எண்ணினேன். எண்பத்து நான்கு.

புதியது கைகூப்பி உட்கார்ந்த துறவி போல வெளுப்பாக இருந்தது. எடுத்தேன். ஈரம். அடியில் இரண்டு ஓட்டைகள். அவற்றிலிருந்துதான் தண்ணீர் சொட்டியது.

ஷிகேயோவை எரித்த பிறகு எலும்பு பொறுக்கியபோது நானும் இருந்தேன். உட்கார்ந்த துறவி போலிருக்கும் தொண்டை எலும்பைக் கடைசியாகக் கலசத்தில் வைப்பது கணவர் வேலை. அவர் கை சட்டைப் பைக்குள் போய் வந்தது. கண்ணீர் துடைக்கக் கைக்குட்டை எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"இது ஷிகேயோதானே?" என்றேன்.

அவர் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க, யோனெதா-சான். இப்படி ஒரு வேலைப்பாடு எந்தச் சிற்பிக்கு வரும்? இதையும் மண்ணுல போடச் சொல்றீங்களா?"

"ஓட்டை எதுக்குய்யா போட்டீங்க?"

"கயிறு கோக்க ஓட்டை இல்லாட்டி அது நெட்சுகேயே இல்லையே. பல்லு குடையற மிஷின் இன்னும் நல்லாத்தான் ஓடுது."

"அவ தண்ணி கேக்கறா. குடிச்சாலும் தொண்டையில நிக்கல. மூணு நாள்ல கலசம் கல்லறைக்குப் போகுது. அதுக்குள்ள இதை வெச்சிடுங்க. இல்லாட்டி கஸுயோகிட்ட நானே சொல்லிடுவேன்."

மகள் பெயரைக் கேட்டதும் அவர் தந்தத்தாலான எலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

நாற்பத்தொன்பதாம் நாள் ஷிகேயோ தொண்டை இல்லாமல் கல்லறைக்குள் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. எலி அவ்வளவு அழகு.

அதற்குப் பிறகுதான் அவருக்குத் தாகம் பிடித்தது. வாயில் எப்போதும் தண்ணீர்ப் பாட்டில். "மனுஷன் ஏரியையே குடிச்சுத் தீத்துடுவாரு போலிருக்கே!" என்று மீன்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூன் மாதத்திலும் கழுத்தில் கம்பளித் துண்டு.

அது எப்போதும் நனைந்தே இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். சமையலறைக் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்ததாம்.

எலும்பு பொறுக்க என்னையும் கூப்பிட்டார்கள். கடைசியாகக் கஸுயோ அப்பாவின் தொண்டை எலும்பைக் குச்சிகளால் தூக்கினாள். உட்கார்ந்த துறவி. நின்றுவிட்டாள்.

"அக்கா... இதுல ரெண்டு ஓட்டை இருக்கே. எரிச்சா இப்படி ஆகுமா?"

இந்தத் தெருவில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் நான். அன்று தண்ணீர்தான் கேட்டேன். தொண்டை அப்படி வறண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். எலி விரிசல் விடக்கூடாதென்று நானும் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருந்தேன். காலையில்தான் நிரப்பியது. குடிக்க எடுத்தேன்.

கிண்ணம் காலி.

எலிக்கு அடியில் பலகை நனைந்திருந்தது.