காலி அறைகளில் பத்தொன்பது பேர்

"ஐயோ... கொல்றானே! யாராச்சும் வாங்களேன்!"

இலங்கையின் குருவிட்ட பஜாரின் பின்புறம், பட்டப்பகலில், தங்கையா தொண்டை கிழியக் கத்தினார்.

சுற்றிலும் அவருடைய ஆறு வாடகை அறைகள். உள்ளே பத்தொன்பது பேர்.

ஒருவர்கூட அசையவில்லை!

அசையவும் முடியாது. ஆறு கதவையும் வெளியே பூட்டியவர் தங்கையாவேதான்.

அது 1997. சோலைவரி என்னும் வீட்டுவரியை மதிப்பிட ஆள் வருகிறார் என்று பிரதேச சபையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அறையில் ஆள் இருந்தால் வாடகையைப் பார்த்து வரி ஏறும். காலி என்றால் இறங்கும். அதனால் விடிந்ததுமே கொடியில் கிடந்த துணியைக்கூட எடுக்க வைத்துவிட்டார் மனுஷன்.

"என்ன நடந்தாலும் மூச்சு விடப்படாது. வரி கூடினா ஒங்க வாடகையும் கூடும். சொல்லிட்டேன்!"

"கொழந்தை அழுதா?" என்றாள் ஆறாம் அறை மருதாயி.

"வாயில சீனியப் போடு!"

பத்து மணிக்கு ஃபைலோடு ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை.

"வாங்க மாத்தியா, வாங்க சார். பாருங்க, எல்லாமே காலி. ஒரு வருஷமா குடியே இல்லீங்க."

"அப்ப இங்க யாருமே இல்ல?"

"சத்தியமா ஒருத்தரும் இல்லீங்க!"

"ரொம்ப நல்லது."

வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்காத மதிப்பீட்டாளன்! தங்கையா அப்போதே சுதாரித்திருக்க வேண்டாமா?

ஃபைலுக்குள்ளிருந்து கத்தி வந்தது.

"போன வாரம் மாணிக்கக் குழியில எடுத்தியே நீலக்கல்லு... அத எடு. சாவிக் கொத்தையும் குடு!"

அப்போது போட்டதுதான் அந்தக் கூச்சல். அவன் தங்கையாவின் கையில் ஒரு வெட்டு வெட்டினான். கல்லையும் சாவிகளையும் பிடுங்கிக்கொண்டு, நிஜமாகவே காலியாக இருந்த ஏழாவது அறையில் அவரைத் தள்ளிப் பூட்டினான். போய்விட்டான்!

ஜன்னல் இல்லாத அறை. ரத்தம் நிற்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்துக் காயத்தில் கட்டினார். அதுவும் நனைந்தது. செத்துப்போவோமோ என்று முதன்முறையாகப் பயந்தார்.

"மருதாயி... நான்தான்... காப்பாத்து..."

சுவருக்கு அப்பாலிருந்து கிசுகிசுப்பு.

"மொதலாளி, பேசாதீங்க! ஆபிசரு இன்னும் போகல போல!"

"அவன் ஆபிசர் இல்லடி... கள்ளன்!"

"வரி போடுறவுக எல்லாருமே அப்படித்தாங்க. சும்மா இருங்க!"

தங்கையா தலையில் அடித்துக்கொண்டார். நல்ல கையால்தான்.

முற்றத்தில் காலடி. ஒரு பெண் குரல்.

"வீட்டுல யாராவது இருக்கீங்களா? நான் ஷாமிளா. சபையில சோலைவரிப் பகுதி."

நிஜமான ஆபிசர்!

கத்தினால் உயிர் பிழைக்கும்... பூட்டிய அறைகளின் குட்டு உடையும். கத்தாவிட்டால் வரி பிழைக்கும்... ஆனால் கட்ட ஆள் இருக்காது. தங்கையா மூன்று விநாடி யோசித்தார். ஆமாம், அதற்கும் யோசித்தார்!

"மிஸ்! கதவ ஒடைங்க! சாகப் போறேன்!"

அவ்வளவுதான். ஆறு அறைகளும் சேர்ந்து அலறின. "எங்களையும் தெறந்து விடுங்க!"

பஜார்க்காரர்கள் ஓடிவந்து ஏழு பூட்டையும் உடைத்தார்கள். ஷாமிளா தன் கைக்குட்டையால் காயத்தை இறுக்கிக் கட்டினார்.

"மிஸ்... கல்லும் போச்சு. வரியாச்சும் பாத்துப் போடுங்க..."

"வரியா? இந்த வருஷம் மதிப்பீடே இல்லீங்க ஐயா. தள்ளிப் போட்டாச்சு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."



ஷாமிளா வெளியே நின்ற பத்தொன்பது பேரையும் நிதானமாகப் பார்த்தார். பைக்குள் கைவிட்டு அளவு நாடாவை எடுத்தார்.

"ஆனா ஆள ஒளிச்சு வச்ச எடத்துக்கு மட்டும் தள்ளிப் போட முடியாதுங்க. ஆஸ்பத்திரி வேன் வர பத்து நிமிஷம் ஆகுமாம். ஏழு ரூமையும் அளக்க எனக்கு ஒம்பது நிமிஷம் போதும்!"