பதினொரு பேருந்துகளில் ஒரே கை

அந்த ஊரின் பதினொரு பேருந்துகளையும் யோகராணியின் கைகள்தான் ஓட்டின. அவள் உட்கார்ந்திருந்தது ஒன்றில் மட்டும்.

நோர்வேயின் வடகோடியில் அந்தக் கடலோர மலைப்பாதையில் மூன்று குளிர்காலம் உணரிகள் பொருத்திய கையுறை அணிந்து அவள் ஓட்டியதையெல்லாம் ‘கைவழி’ என்ற மென்பொருள் பதிந்துவைத்திருந்தது. சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணத்தில் பிரேக்கை எவ்வளவு தளர்த்துவாள், ஸ்டியரிங்கை எத்தனை விரற்கடை திருப்புவாள், எல்லாம். மற்றப் பத்து வண்டிகளிலும் ஓட்டுநர் தடுமாறும் முன்பே கைவழி அவள் செய்வதைச் செய்துவிடும். அவளுடைய வண்டியில் மட்டும் அது எதிலும் தலையிடாது. பார்த்துப் படித்துக்கொண்டே வரும்.

சுதர்சினி வரும்வரை இது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சுதர்சினி உரிமம் எடுத்து ஐந்து மாதம். பனியில் சொந்தக் காரை ஒழுங்காக நிறுத்தத் தெரியாதவள். ஆனால் மீன் ஆலைக்குப் போகும் சனம் அவளுடைய பேருந்துக்காகக் காத்து நின்றது. “அந்தப் பிள்ளை ஓடினா தேத்தண்ணி தளும்பாது” என்று கோயில் மடைப்பள்ளியில் யாரோ சொன்னபோது, யோகராணி கரண்டியைச் சாம்பாருக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். தளும்பாமல் பிடிப்பது யாருடைய கை?

ஒருநாள் சுதர்சினி அவளிடமே வந்து கேட்டாள்.

“யோகாக்கா, சறுக்கிறதெண்டா எப்பிடியிருக்கும்? எனக்கு ஒருக்காலும் சறுக்கேல்லை.”

உண்மையான ஆசையோடுதான் கேட்டாள். யோகராணிக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. உறைந்த பாதைமேல் மழை தூறியிருந்தது. முன்னால் சுதர்சினியின் வண்டி, பின்னால் ஆறு பயணிகளோடு யோகராணி. கொக்கி வளைவுக்கு முன்பாக அவள் எப்போதும் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுவாள். அன்று நாற்பதில் சுதர்சினியை முந்தி, அதே வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தாள்.

பின்சக்கரம் கடல்பக்கம் விலகியது. இரண்டு மூச்சு நேரம் அவள் கைகள் எதைச் செய்தும் பலனில்லை. பிறகு டயர் எங்கிருந்தோ வந்து கிடந்த சரளைக் கல்லில் கவ்வி, வண்டி நேரானது. பயணிகள் தலை நிமிரவில்லை. பக்கக் கண்ணாடியில் சுதர்சினியின் விளக்குகள் சிறுத்துப்போவதைக் கண்டபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது.

மறுநாள் காலை சுதர்சினி முகம் வெளிறி வந்தாள்.

“கொக்கி வளைவில நான் பிரேக்கை அமத்த அமத்த பஸ் தானா அதை விடுவிச்சுக்கொண்டு போகுது அக்கா. நாப்பதில. நிரோஜனைக் கேட்டா, அது யோகாக்கான்ர கை, பிழை விடாது எண்டுறான்.”

யோகராணி நேரே பணிமனைக்குப் போனாள். கைவழியைப் பராமரிக்கும் நிரோஜன் திரையைக் காட்டினான்.

“திறமாத்தானே ஓடியிருக்கிறீங்கள் அன்ரி. மூண்டு வருசத்தில இதுதான் ஆகச் சிறந்த திருப்பமெண்டு கைவழி சொல்லுது. எல்லா வண்டிக்கும் குடுத்திட்டன்.”

பேசாமல் திரும்பியிருந்தால் புகழாவது மிஞ்சியிருக்கும். சன்னல் வழியே, அடுத்த நடைக்குச் சுதர்சினி ஏறி உட்காருவது தெரிந்தது.

“அது என்ர கையில்லைத் தம்பி.”

“பின்ன?”

“அவளிலை எரிச்சல். முந்தவேணுமெண்டு ஓடினனான். வண்டி தப்பினது அதிட்டம்.”

நிரோஜன் முதலில் வண்டிகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னான். பிறகு மூன்று குளிர்காலப் பதிவையும் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

“இதுக்குள்ள ரெண்டாயிரம் சறுக்கல் இருக்கு அன்ரி. எல்லாத்திலயும் வண்டி தப்பியிருக்கு. எது உங்கட கை, எது அதிட்டமெண்டு பிரிச்சுச் சொல்லுவீங்களோ?”

யோகராணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலாவதைப் பெரிதாக்கச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு மார்கழிக் காலை. வண்டி வழுக்கியது, நிமிர்ந்தது. திரும்பப் போடச் சொன்னாள். எத்தனை தடவை பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை.