சேவலுக்குப் பதில்

கதவு தேசிக்காயை நசுக்கவில்லை.

தியாகராஜா கராஜுக்குள் நின்றபடி கொக்கிக் கம்பால் ரோலர் கதவை மறுபடியும் இழுத்து இறக்கினார். தகடுகள் கடகடவென்று உருண்டு வந்து, வாசல் சிமெந்தில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்துக்கு மயிரிழை மேலே நின்றன. மழைத்தண்ணீர் புகாதிருக்கக் கதவின் அடியில் அவர் புதிதாகப் பொருத்திய கறுப்பு ரப்பர் பட்டி, பழத்தை லேசாகத் தொட்டது. நாய் மோந்து பார்ப்பது போல. பிறகு கதவு தானாகவே அவர் தலைக்கு மேல் ஏறிக்கொண்டது.

ஐப்பசி மழைக்குப் பயப்படாதவர்கள் மஹய்யாவையில் இல்லை. ஆனால் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற தியாகராஜாவின் பயம் தனி ரகம். வீட்டுக்குக் கீழே மேட்டைக் குடைந்து கட்டிய அந்தக் கராஜில் நிற்கும் கார் கடைசியாக எப்போது ஓடியது என்று அவருக்கே ஞாபகமில்லை. ஆனாலும் அது நனைந்துவிடக் கூடாதென்று மழைக்கு முன்பே கதவின் தண்டவாளங்களைத் துடைத்து, கிரீஸ் பூசி, மணல் மூட்டை அடுக்கிவிடுவார்.

கடைசியில் ஒரு சேவல்.

அது அவருடைய அப்பா அழகையா தொடக்கி வைத்தது. அழகையா கலஹாப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். அங்கே மெஷினுக்கு வருசத்துக்கு ஒரு சேவல் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் மெஷின் ஆள் எடுக்கும் என்பார்கள். டவுனுக்கு வந்தும் மனுசன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கிரீஸ் பூசிய கையோடு சேவலின் கழுத்தை வாசலில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவையே இறக்கி வெட்டுவார். ஒரு முறையில் அறுபடாவிட்டால் தூக்கி மறுபடி இறக்குவார். அவர் போன பிறகு மகனும் சாக்கால் வாசலை மறைத்துக்கொண்டு அதையே செய்துவந்தார். சந்துக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அயல்வீட்டு மரியாதை.

இந்த வருசம் கிரீஸ் பூசும் நாள் கந்தசஷ்டி விரதத்துக்குள் விழுந்துவிட்டது. அவருடைய மனைவி சுகிர்தா காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“விரதம் முடியிற வரைக்கும் இந்த வாசல்ல ரெத்தம் சிந்தக் கூடாது. தேசிக்கா வைங்க. கதவுக்கு நாக்கா இருக்கு, ருசி தெரிய?”

சொல்லிவிட்டுக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

எதிர்வீட்டு ஹபீலா பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு போகிறவள் நின்றாள். நிற்காமல் போனால் அவள் ஹபீலா இல்லை.

“என்ன அண்ணே, கதவுக்குப் புளிப்பு புடிக்கல்லயா?”

“ஸ்ப்ரிங் இறுகிப் போச்சு.”

“இறுகினா எண்ணெய் போடுங்க. அதோட பேசிக்கிட்டு நிக்காதீங்க. சனம் ஒரு மாதிரிப் பேசும்.”

அவளைத் தவிர வேறு சனம் யாரும் அங்கே இல்லை. முதல் துளி விழுந்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

தியாகராஜா குனிந்து தண்டவாளத்தைத் தடவினார். தகட்டின் விளிம்பு விரலைக் கீறியது. வாசல் சிமெந்தில், பழத்தின் பக்கத்தில், ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

கதவு இறங்கியது. கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. அவர் கீறிய விரலைச் சட்டையில் அழுத்திப் பிடித்திருந்தார். கதவு தானாக, சத்தமில்லாமல், பழம் இருந்த இடத்தில் வளைந்து, ரத்தம் கிடந்த இடத்தில் மட்டும் பட்டியை வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு முழங்கால் உயரத்துக்கு மேலே போனது. அங்கே சிமெந்து துடைத்து எடுத்தது போல வெளுத்துக் கிடந்தது. மேலே, கதவு சுருண்டு ஏறும் உருளைக்குள்ளிருந்து, கொதிநீரில் முக்கிய இறகின் வாடை இறங்கி வந்தது. கூடவே ஒரு கொக்கரிப்பு. தொண்டைக்குள்ளேயே நெரிபட்டு, முடியாமல், மறுபடி தொடங்கும் கொக்கரிப்பு.

மழை கொட்டியது. கரண்ட் போனது. பின்னேரமே இருட்டிவிட்டது.

அப்போதுதான் சுகிர்தாவின் நினைப்பு வந்தது. மழையென்றால் கராஜுக்குப் பக்கத்துப் படிக்கட்டு அருவியாகிவிடும். மழை விடும்வரை அவள் ஒதுங்கி நிற்பது எப்போதும் கராஜுக்குள்தான். அதற்கு வேறு வழியில்லை, இந்தக் கதவுக்குக் கீழாகத்தான் வர வேண்டும். கோயிலுக்குப் போகும்போது போன் கொண்டு போகிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

சந்து முனைக்கே போய் அவளைத் தடுத்துவிட நினைத்தார். கம்பைக் கொடுத்துத் தள்ளியும் கதவு முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. அதற்குள் தவழ்ந்து போக அவருக்குத் தைரியம் வரவில்லை. சரி, மூடிவிட்டால் அவளால் உள்ளே வர முடியாதே. கொக்கியில் தொங்கினார். இறங்கவும் இல்லை. திறந்த வாயோடு காத்திருந்தது.

ஈரச் செருப்புச் சத்தம். மெட்டி போட்ட இரண்டு கால்கள் வாசலில் வந்து நின்றன.

“என்னங்க, உள்ளயா இருக்கீங்க? தூக்குங்க, நனையிறேன்.”

“வராத. மேல போ.”

“படியில ஆறு ஓடுது. எப்படிப் போறது?”

“ஹபீலா வீட்டுக்குப் போ. சொன்னாக் கேளு.”

“ஈரச் சேலையோடயா? உங்களுக்கு என்ன ஆச்சு?”

குடை கீழே விழுந்தது. முழங்கால்கள் மடிந்தன. திறப்பில் அவள் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. திருநீறு கரைந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“தள்ளுங்க. குனிஞ்சு வந்திடுறேன்.”

கழுத்து வாசலில் இருந்தது. சேவலின் கழுத்து இருந்த அதே இடம்.

மேலே கொக்கரிப்பு நின்றது.

தியாகராஜா பாய்ந்தார். உள்ளங்கையால் அவள் முகத்தை அறைந்து வெளியே தள்ளினார். முகம் வெளியே போய்விட்டது. கை உள்ளே திரும்பவில்லை.

கதவு விழுந்தது.

முதலில் எலும்பு முறிந்த சத்தம். வலி பிறகுதான் வந்தது. கையை இழுத்தார். கதவு ஒரு சாண் ஏறியது. விழுந்தது. மணிக்கட்டு. ஏறியது. விழுந்தது. அப்பா செய்தது போலவே, அறுபடும்வரை. கடைசியாக இழுத்தபோது கை வந்தது. விரல்கள் வரவில்லை. உள்ளங்கையும் வரவில்லை. பீறிட்ட ரத்தம் கார்க் கண்ணாடியில் அடித்தது. வாசலில் விழுந்ததைப் பட்டி உறிஞ்சியது.

வெளியே வெள்ளம் கதவில் மோதித் திரும்பியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

மல்லாந்து கிடந்தார். போதும். எடுத்துக்கொண்டது. அவள் வெளியே இருக்கிறாள். போதும்.

கதவு மெல்ல மேலே ஏறியது. முழங்கால் உயரத்தில் நின்றது. நடுவில் தேசிக்காய் முழுசாக இருந்தது.

வெளியே சுகிர்தா அலறினாள். கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத அவர் பெயரைச் சொல்லி அலறினாள். வளையல் போட்ட இரண்டு கைகளும் உள்ளே வந்து அவர் சட்டையைப் பற்றின. இழுத்தன. ஓடு என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. கைகளுக்குப் பின்னால் தோள் வந்தது. தலை வந்தது.

“இருங்க, இழுக்கிறேன். இந்தா, இழுக்கிறேன்.”

அவளுக்கு மேலே ரப்பர் பட்டி இறங்கியது. அவள் பிடரியை லேசாகத் தொட்டது. மோந்தது.

இந்த முறை மேலே போகவில்லை.