உச்சியைத் தொட்ட புர்பா யார்?

"ஜெயிச்சாச்சு! கங்கர்மா உச்சிக்கு ஏறியாச்சு!"

மலை முகாமின் கடிதப் பையோடு ஓடிவந்த தாவா, மூச்சு வாங்கியபடியே கூவினார். இருபது ஆண்டுகளில் ஆறு முறை துரைமார்களைத் தோற்கடித்துத் திருப்பியனுப்பிய மலை அது. உருளைக்கிழங்கு வயல்களிலிருந்து ஊரே ஓடிவந்தது.

"யாரு ஏறினா?"

"ஒரு துரை. அப்புறம் நம்ம புர்பா!"

ஆரவாரம் எழுந்தது, உடனே அடங்கியது. அந்த ஊரில் வியாழக்கிழமை பிறந்த ஒவ்வொருவரும் புர்பாதான். சுமை தூக்க மலைக்குப் போயிருந்த புர்பாக்கள் நான்கு பேர்.

"எந்தப் புர்பா?"

தாவா தலையைச் சொறிந்தார். "பனியாத்துக்குக் கீழே பையைக் கொடுத்தவன் 'ஏறினது புர்பா'ன்னுதான் சொன்னான். எந்தப் புர்பான்னு நானும் கேக்கல."

"எங்க அப்பாதான்!" என்றான் நால்வரில் ஒருவரின் மகன் கியால்சன். "அவருதான் நெட்டை." பிறகு இன்னொரு புர்பாவின் மகள் யாங்ஜியைப் பார்த்துச் சிரித்தான். "உங்க அப்பா சுமை தூக்கினா, மூட்டைதான் தனியா நடந்து வர்ற மாதிரி இருக்கும்!"

யாங்ஜிக்குக் காது சிவந்தது. ஏறியவர் தன் அப்பாவாக இருக்கவேண்டும் என்று அவள் மிகவும் விரும்பினாள். ஆனால் விருப்பம் சான்றாகாது.

நான்கு வீட்டாரும் உரக்கச் சண்டையிட்டுக்கொண்டிருக்க, அவள் தாவாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, பையைக் கொடுத்தவர் வேற என்ன சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"வேற என்ன... இறங்கும்போது துரையோட காலு விறைச்சுப் போச்சாம். புர்பா பூட்ஸைக் கழட்டி, அந்தக் கால் ரெண்டையும் தன் சட்டைக்குள்ள விட்டு, வயித்தோட அணைச்சு வச்சுக்கிட்டானாம். 'ஐயோ துரை, உங்க காலு யாக் சாணி மாதிரி நாறுது'ன்னு திட்டிக்கிட்டே இருந்தானாம்!"

ஊர் சிரித்தது. யாங்ஜி சிரிக்கவில்லை.

"கியால்சன், யாக் மேய்ச்சுட்டு வரும்போது உன் காலு விறைச்சுப்போனா உங்க அப்பா என்ன பண்ணுவாரு?"

"அடுப்புப் பக்கத்துல போய் உக்காருடாம்பாரு."

மற்ற இரண்டு புர்பாக்களின் பிள்ளைகளையும் கேட்டாள். ஒரு வீட்டில் வெந்நீர், மற்றொன்றில் கம்பளி.

"எங்க அப்பா என் காலை வயித்துலதான் வச்சுக்குவாரு," என்றாள் யாங்ஜி. "தினமும் திட்டுவாரு. இதே யாக் சாணிதான்!"

கியால்சன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"யாங்ஜியோட அப்பாதான்!" என்று அவனே எல்லாரையும்விட உரக்கக் கத்தினான்.

தாவா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து பார்க்கையில் கங்கர்மா சற்று உயரம் குறைந்தே தெரிந்தது.